எட்டு மணி ஆறு நிமிடம்

குரோனிங்கனில் பிப்ரவரி.
கீழே மிதிவண்டி நிறுத்தத்தில்
இருக்கை தெரியாமல் பனி.
மூன்றாம் மாடியில் நாங்கள்,
இன்னும் பெயர் வைக்காத ஒரு மாத்திரைக்கு
உடம்பை வாடகைக்கு விட்டவர்கள்.
பன்னிரண்டு இரவுக்கு இரண்டாயிரத்து நூறு யூரோ.
வரி போக மிச்சம் எவ்வளவு என்று
ஃபொக்கோ தினமும் புதிதாகக் கணக்குப் போடுகிறான்,
தினமும் வேறு விடை வருகிறது.

காபி கிடையாது. கசகசா தூவிய ரொட்டி கூடாது.
சிறுநீர்கூட நம்முடையது இல்லை,
எண் ஒட்டிய குடுவைக்குச் சொந்தம்.

என் எண் பதினான்கு.
எனக்கு மாத்திரை எட்டு மணி ஆறு நிமிடத்துக்கு.
பதின்மூன்றுக்கு எட்டு நாலு.
வாயைத் திறங்கள், நாக்கைத் தூக்குங்கள் என்று
டார்ச் அடித்துப் பார்ப்பாள் ரூலின்,
விழுங்கினேனா, கன்னத்தில் ஒளித்தேனா என்று.
ஐம்பத்திரண்டு வயதில்
என் வாய்க்குள் இவ்வளவு அக்கறையாக
யாரும் எட்டிப் பார்த்து நாளாயிற்று.

சனிக்கிழமை இரவு படம். ஓட்டெடுத்தோம்.
கொலைக்கு இரண்டு, காதலுக்கு ஒன்றுமில்லை,
விண்வெளிக்கு ஐந்து.
சர்க்கரை ஆலையில் முப்பது வருடம்
கிழங்கு கழுவிய மென்னோ
‘சின்னப் பிள்ளைகள் பார்ப்பது’ என்று முனகினான்.
முன்வரிசைக்கு நாற்காலியை
இழுத்துப் போட்டுக்கொண்டதும் அவன்தான்.

காற்றே இல்லாத இடத்தில்
எப்படி இவ்வளவு சத்தம் என்றான் ஃபொக்கோ.
பேசாமல் பார் என்றோம் எல்லோரும்.

பன்னிரண்டாம் மணி நேர இரத்தம்
எட்டு ஆறுக்கு எடுக்க வேண்டும்.
கப்பல் விண்கற்களுக்குள் நுழைந்ததும் எட்டு ஆறுக்கு.
படத்தை யாரும் நிறுத்தவில்லை.
இடது கையை ரூலினிடம் கொடுத்துவிட்டு
வலது கையால் நாற்காலியை இறுகப் பிடித்தேன்.
ஊசிக்காக இல்லை.

பிறகு அந்தப் பொறியாளன்.
கயிறு அறுந்து,
கைகால் மெதுவாக அசைய அசைய
திரையின் ஓரத்துக்குப் போனான்,
ஒரு பொட்டானான், அதுவும் போயிற்று.
அப்போது எங்களில் ஒருவரும்
பன்னிரண்டாம் கட்டில் பக்கம் திரும்பவில்லை.
அங்கே வியாழக்கிழமை விரிப்பு மாற்றியிருந்தார்கள்.
ஹில்பிராண்ட், இருபத்திநாலு வயது,
குளியலறையில் விழுந்தான்.
பாதிப் பணம் தருவார்களாம்.
அவன் விழுங்கியது மருந்தா, வெறும் மாவா,
எங்களுக்குத் தெரியாது. ரூலினுக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதுதான் இங்கே விதி.

கடைசியில் திரும்பி வந்தார்கள்
கடலில் விழுந்து, எப்போதும் போல.
பூமியில் அந்தப் பெரிய அறை:
கழுத்துப்பட்டை தளர்ந்தவர்கள்,
ஆறிப்போன கோப்பைகள்,
மூன்று நாளாக ஒரு கோட்டையே பார்த்திருந்த கண்கள்,
எல்லோரும் எழுந்து நின்று கத்துகிறார்கள்.
மென்னோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
அறை சூடாக இருக்கிறதாம்.

எனக்கு நட்சத்திரம் வேண்டாம்.
கப்பலை ஓட்டவும் ஆசையில்லை.
அந்த அறைதான் வேண்டும்,
நான் தூங்கும்போது என் மூச்சை
ஒருவர் மாற்றி ஒருவர் எண்ணும் அறை.

போன வருடம் கிடங்கு வேலை போயிற்று.
என் கதவு அட்டை
அதன்பின் மூன்று வாரம் வேலை செய்தது.
சோதித்துப் பார்க்கத்தான் போனேன், இரண்டு தடவை.
பச்சை விளக்கு எரிந்தது.
நான் இல்லை என்பதை
அந்தக் கதவுக்குக்கூட யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு புரண்டு படுத்தபோது
மார்பில் ஒட்டிய கம்பியொன்று பிடுங்கிக்கொண்டது.
எங்கோ ஒரு திரையில்
என் இதயம் நேர்கோடாகியிருக்க வேண்டும்.
தாழ்வாரத்தில் ஓடி வரும் ரப்பர் செருப்பு.
‘பதினான்கு? பதினான்கு, கேட்கிறதா?’

‘கேட்கிறது’ என்றேன்,
படத்தின் தலைவன் குரலில்.

அவள் சிரிக்கவில்லை.
கம்பியை ஒட்டினாள், விரலால் இரண்டு முறை அழுத்தினாள்,
நேரம் பார்த்து எழுதிக்கொண்டாள்:
மூன்று பதினேழு.